எட்டும் காலும்: இருசக்கர உரிமத் தேர்வில் பாதத்தின் இடம் பற்றி ஒரு முன்னோட்ட ஆய்வு

தமிழ்நாட்டில் பைக் லைசென்ஸ் எடுக்கப் போகிறவனிடம் "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று யாரும் கேட்பதில்லை. "எட்டு போட்டுப் பாத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பின்பக்கத்து மைதானத்தில், வேப்பமரத்தடியில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கும். முல்லைக்குரிய இருத்தலும் நெய்தலுக்குரிய இரங்கலும் ஒரே இடத்தில் நிகழும் அந்த நிலத்துக்கு நம் புலவர்கள் திணைப்பெயர் வைக்காமல் போய்விட்டார்கள். அந்தக் குறையை ஓரளவு நீக்கவே இக்கட்டுரை. ஆய்வு மாதிரியின் அளவு ஒன்று. அந்த ஒன்று நான்.

கருதுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையில் தேர்வு உள்ளவர்கள் இதோடு எழுந்து போய்ப் பழகலாம். எட்டு போடும்போது சோதிக்கப்படுவது கை அல்ல, கண் அல்ல, வண்டியும் அல்ல. கால். ஒரு மனிதன் தன் காலைத் தரையில் வைக்காமல் எத்தனை விநாடி பொறுப்பான் என்பதைத்தான் அரசு அறிய விரும்புகிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. மைதானத்தில் வரைந்திருப்பது 8. தமிழ் எட்டோ ௮. அகரத்தின் இரட்டைப் பிள்ளை. மொழிப்பற்று மிக்க யாராவது தேர்வைத் தமிழ் எட்டில்தான் நடத்தவேண்டும் என்று வழக்குப் போடாமல் இருப்பது நம் நல்ல காலம். 8 மூடிய வளைவு. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ௮ அப்படி அல்ல. உள்சுழியில் தொடங்கி, சுற்றி வந்து, குறுக்கே போய், நேர்கோட்டில் இறங்கி, அங்கேயே முடிந்துவிடும். விண்ணப்பதாரர் காம்பவுண்டுச் சுவரில் போய் நிற்பார்.

கால் இதைவிட ஆழமான சொல். உடம்பில் இருப்பது கால். நான்கில் ஒரு பங்கு கால். 'கா' என்ற எழுத்தில் 'க'வுக்குப் பக்கத்தில் நிற்பது துணைக்கால். பழைய நூல்களில் காற்றுக்கும் கால் என்று பெயர். டயரில் அந்தக் கால் குறைந்தால் உடம்பில் உள்ள கால் தரைக்கு வரும் என்பதால் அப்பொருளும் இங்கே கொள்ளத்தகும் என்க. இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பழைய கணக்கில் எட்டுக்குக் குறி 'அ', கால் என்ற பின்னத்துக்குக் குறி 'வ'. எட்டேகால் என்றால் 'அவ'. அவ்வையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இந்தக் கணக்கை வைத்தே எதிராளியை அவலட்சணம் என்று திட்டுகிறது. திட்டு வாங்கியவர் கம்பர் என்பது கதை. உரையாசிரியர்கள் இதை வெறும் புலமைச் சண்டையாகப் பார்த்துவிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் நின்று படித்தால் பொருள் பளிச்சென்று விளங்கும்: எட்டோடு கால் சேர்ந்தால் அவலட்சணம். ஃபெயில் என்பதன் பழந்தமிழ் வடிவம் இது.

எட்டு போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் விடிகாலையில் எழுந்து வாசலைப் பார்த்ததில்லை. இரண்டு புள்ளி வைத்து, கையெடுக்காமல் ஒரே இழையால் இரண்டையும் வளைத்து வந்தால் கிடைக்கும் சிக்குக் கோலம் எட்டுதான். 1694-ல் ஜேக்கப் பெர்னூலி இப்படிப்பட்ட வளைவு ஒன்றுக்குச் சமன்பாடு எழுதி, நாடா என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லெம்னிஸ்கேட் என்று பெயர் வைத்தார். 1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலங்களுக்கு முறையான கணித இலக்கணமே வகுத்தார்கள். பாட்டி கையெடுக்காமல் போட்டதைப் பேரன் கால் ஊன்றாமல் போடவேண்டும். இரண்டில் எது கடினம் என்ற கேள்வியை என் பாட்டியின் முன்னால் எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐச் சேர்ந்தது. மத்திய விதிகள் 1989. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனபிறகே தேர்வுக்கு வரலாம், அந்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 15-ம் விதி ஓட்டுநர் செய்துகாட்ட வேண்டியவற்றை நீளமாக அடுக்குகிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, ஒவ்வொரு கியராக டாப் கியர் வரை போவது, ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது, முந்துவது, பிறரை முந்த விடுவது. படித்தால், விண்ணப்பதாரரை ஊட்டி மலைப்பாதையில் அனுப்பிவிட்டு உயிரோடு திரும்புகிறாரா என்று பார்க்கச் சொல்வதுபோல் இருக்கும். மைதானத்தில் அத்தனையும் ஒரு எட்டாகச் சுருங்கிவிடுகின்றன. சூத்திரம் என்றால் சுருக்கம்தானே. தோற்றவர் ஏழு நாள் கழித்து வரலாம்; மூன்று முறை தோற்றால் 60 நாள் விலகி இருக்கவேண்டும். சாபத்துக்கு விமோசனக் காலம் குறித்த முனிவர்கள்கூட இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை.

பழகுநர் வண்டியில் மாட்டும் பலகைக்கும் அளவு உண்டு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்': குறைந்தபட்சம் உயரம் 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ., அடியில் அகலம் 9 செ.மீ. இந்த எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு முழங்காலும், அதன் அடியில் தரையில் அழுந்தப் பதிந்த ஒரு பாதமும். பழகுநரின் குறை என்ன என்பதைச் சட்டம் படமாகவே போட்டுக் காட்டியிருக்கிறது.

வரலாற்றில் இந்தக் குறை மோட்டார் சைக்கிளோடு உடன்பிறந்தது. 1885-ல் ஜெர்மனியில் காட்லிப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் கட்டிய மரச்சட்ட வண்டியை உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்கிறார்கள். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு சக்கரங்கள் இருந்தன, சாயாமல் தாங்க. தமிழில் சொன்னால் இரண்டு துணைக்கால். அதாவது ஊன்றிய காலோடேயே வண்டி உற்பத்தியாகியிருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு நம் மைதானத்துக்கு வந்திருந்தால் டைம்லருக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பார்கள்.

இனி இயற்பியல். வேகம் இருந்தால் இரண்டு சக்கர வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஏன் நிற்கிறது என்பதில் அறிஞர்களுக்கே சண்டை தீரவில்லை. சுழலும் சக்கரம்தான் காரணம், முன்சக்கரம் ஹேண்டில் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதுதான் காரணம் என்றெல்லாம் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2011-ல் சயன்ஸ் இதழில் ஒரு குழு அந்த இரண்டு காரணமும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் சைக்கிள் ஒன்றைக் கட்டிக் காட்டியது. ஆனால் இந்தச் சலுகைகள் எல்லாம் ஓடுகிற வண்டிக்கு. எட்டு போடுவது, பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்தில். அங்கே சக்கரம் உதவாது. முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஆக்சிலேட்டரில் ஒரு துளி, பின் பிரேக்கில் லேசான அழுத்தம். இந்த நான்கையும் ஒன்றோடொன்று இழுபறியாக வைத்துக்கொண்டே வட்டமடிக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் அடுத்த நொடி மைதானத்துப் புழுதியின் ருசி தெரியும். வண்டியை உள்ளே சாய்த்து உடம்பை நிமிர்த்தி வைப்பது தனிக்கலை. எல்லாவற்றிலும் கடினமான இடம் எட்டின் இடுப்பு. இடது சாய்வு வலது சாய்வாக மாறும் அந்த ஒரு கணத்தில் வண்டி நேராக நிற்கிறது. மனசு எந்தப் பக்கமும் இல்லை. கால் மட்டும், எசமானைக் கேட்காமல், தரையைத் தேடிப் புறப்படுகிறது.

இதே உண்மையைப் பிற நாட்டாரும் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் தேர்விலும் எட்டு உண்டு. ஜப்பானில் 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மேடைமேல் ஓட்டவேண்டும். 7 விநாடிக்கு முன்னால் கடந்துவிட்டால் மதிப்பெண் குறையும், பெரிய வண்டிக்கு 10 விநாடி. சீக்கிரம் போனதற்காக மார்க்கைக் குறைக்கும் ஒரு தேர்வு உலகத்தில் இருக்கிறது என்பதை என் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்தக் காலத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் பல காலம் பஜாஜ் எம்80-தான் டிரைவிங் ஸ்கூல்களின் செல்லப்பிள்ளை. கியர் இடது கைப்பிடியில் இருக்கும், காலுக்கு வேலை குறைவு. 2024-ல் அரசு விழித்துக்கொண்டு, காலால் கியர் போடும் வண்டியில்தான் தேர்வு என்று சொல்லிவிட்டது. சேரநாட்டாரும் காலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

களப்பணி. எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் மாமா. அவர் பழகியது திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டில். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் கைக்கு வந்ததோ இரவல் ஸ்பிளெண்டர்.

"வலது கால்ல கியரைப் போடுடா மாப்ள."

"மாமா, இதுல வலது கால்ல பிரேக்கு."

"அதான் வண்டி நின்னு நின்னு போகுது."

ஒரு வாரம் இப்படிக் கழிந்தபின், தெருக்கோடி காலிமனையில் இரண்டு செங்கல்லை வைத்து நானே சுற்றத் தொடங்கினேன். இரண்டு புள்ளி, ஒரு இழை. அங்கே குடியிருந்த நாய் முதல் இரண்டு நாள் குரைத்தது. மூன்றாம் நாள் எழுந்து தள்ளிப் படுத்துக்கொண்டது. இதை முன்னேற்றத்தின் முதல் சான்றாகப் பதிவு செய்கிறேன்.

தேர்வன்று மைதானத்தில் கண்ட கால்களை வகைப்படுத்த முயன்றேன். ஃபுட்ரெஸ்டை விட்டு இறங்கி, தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் மிதந்து வருவது தொங்குகால். இது குற்றமா இல்லையா என்பதில் மரத்தடியில் இரு கட்சி இருந்தது. செருப்பு நுனியால் மண்ணை மெல்ல வருடிவிட்டு, வருடவே இல்லை என்று சத்தியம் செய்வது தடவுகால். மூன்றாவது தூண்கால். ஊன்றினால் ஊன்றியதுதான், கோயில் மண்டபம்போல் அங்கேயே நிற்கும், வண்டி அதைச் சுற்றி விழும்.

எந்த வகையிலும் அடங்காதவர் ஸ்கூட்டியில் வந்த ஒரு அக்கா. முந்தானையைச் செருகிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்லியபடியே எட்டைப் போட்டு முடித்துவிட்டார். "நல்லா ஓட்டுறீங்களேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "பத்து வருஷமா ஓட்டுறேன் சார்" என்றார் அக்கா வெள்ளந்தியாக. மைதானமே அமைதியானது. இன்ஸ்பெக்டர் பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

என் முறை வந்தது. முதல் வட்டம் சுத்தம். இடுப்பில் இடது கால் இறங்கியது.

"சார், கால் படல சார்."

"உன் கால் படலப்பா. தரைதான் மேல வந்து பட்டுது. அடுத்த வாரம் வா."

வாசல் டீக்கடையில் டிரைவிங் ஸ்கூல் பையன் ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னான்: "முன் வீலையே பாக்குறீங்கண்ணே. எங்க போகணுமோ அங்க பாருங்க. வண்டி கண்ணு பின்னாடியே வந்துரும்." இக்கட்டுரையில் உள்ளவற்றில் உண்மையிலேயே பயன்படக்கூடியது இந்த ஒரு வாக்கியம்தான். டீக்காசை அவனே கொடுத்தான். அந்த வகையில் இது வெளி நிதியுதவி பெற்ற ஆய்வு.

ஏழு நாள் செங்கல்லைப் பார்க்காமல், செங்கல்லுக்கு அப்பால் இருந்த முருங்கை மரத்தைப் பார்த்துச் சுற்றினேன். கால் கீழே போகவில்லை. என்னவோ, அதற்குத் தரை தேவைப்படவில்லை. அடுத்த முறை மைதானத்தில் முருங்கை இல்லை என்பதால் இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்து ஓட்டினேன். எட்டு முடிந்தது. அவர் ஏதோ சந்தேகத்தோடு தொப்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

பாஸ் ஆனபிறகு கால் என்ன ஆகிறது என்பது தனி ஆய்வுக்குரிய பொருள். அன்று மாலையே ஒரு சிக்னலில் நின்று பார்த்தேன். பச்சை விழுந்ததும் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு கால்களும் துடுப்புப்போல் தரையைத் துழாவிக்கொண்டே கொஞ்சதூரம் போய், பிறகு மனசில்லாமல் மேலே ஏறின. அத்தனை பேரும் ஒருநாள் எங்கோ எட்டு போட்டவர்கள்தான்.

இன்னொரு தரவும் கையில் இருக்கிறது. நான் தேர்வான அன்று மைதானம் காலியாகும்வரை மரத்தடியிலேயே இருந்தேன். இன்ஸ்பெக்டர் கோப்புகளை டேங்க் கவரில் செருகிக்கொண்டு, தன் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பினார். மைதானத்திலிருந்து கேட் வரைக்கும் அவருடைய இரண்டு கால்களும் எங்கே இருந்தன என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். அதை இப்போதைக்கு வெளியிடுவதற்கில்லை. லைசென்ஸ் தபாலில்தான் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை.