மைக்செட் தாத்தா சொல்லுதேன், கேளுடே

வாடே பேராண்டி, இப்பிடி திண்ணையில உக்காரு. பாட்டு கேக்குறதுக்குன்னே 40,000 ரூவாய்க்குப் பெட்டி வாங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. வாங்கு, சந்தோசம். மாடு பிடிக்கப் போறவன் பல்லைப் பாத்துட்டுத்தான் விலை பேசுவான். நீ கடைக்காரன் பல்லைப் பாத்துட்டு வந்திருக்க.

கொடை, கல்யாணம், சடங்குன்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் குழாய் கட்டுனவன்டே நான். இசைத்தட்டுலருந்து கேசட்டு வரைக்கும் ஓட்டியாச்சு. அதனால கேக்கேன், கோவிச்சுக்காத. ஆயிரம் பாட்டு அடங்கும்னு 2001ல ஐபாடை எறக்குன ஆப்பிள்காரனே 2022ல போதும்டா சாமின்னு அதை நிறுத்திட்டான். செல்லுலயே எல்லாம் கேக்கலாம்னு உலகம் போயிட்டு இருக்கையில ஒனக்கு எதுக்குத் தனிப்பெட்டி? 'பாட்டு நடுவுல போன் வராது, செல்லு சார்ஜு எறங்காது'ன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். 'ஹைரெஸ்ல கேக்கணும் தாத்தா'ன்னு சொன்னியோ, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

சிடின்னா நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து வச்சது. அதுல பாதி, 22,050 அதிர்வு வரைக்கும் அதுக்குள்ளயே அடங்கிரும். மனுசக் காது எட்டுறது 20,000 வரைக்கும்தான். வயசு ஏற ஏற அதுவும் எறங்கும். ஹைரெஸ்னு ஒம்பெட்டி 1,92,000 தடவை அளந்ததை வாசிக்குமாம். வாசிக்கட்டும். நம்ம காதுக்கு மேல போற அதிர்வைக் கேக்க நம்ம தெரு நாயத்தான் கூப்பிடணும். அதுவும் நீ கேக்குறது 1960கள்ல மோனோவுல பதிஞ்ச பழைய பாட்டு. அதையும் பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில 128 கேபிபிஎஸ்சுக்குச் சுருக்கி கார்டுல ஏத்தி வாங்கிட்டு வருத. சுருக்கும்போது தூக்கிப் போட்டதை எந்தப் பெட்டிடே திருப்பிக் கொண்டாரும்? மொதல்ல நல்ல பதிவாத் தேடு. 320ல இருந்தா அஞ்சு நிமிசப் பாட்டு 12 எம்பி. 64 ஜிபி கார்டுல 5,000 பாட்டு கொள்ளும். பச்சத்தண்ணி குடிக்காம, கண்ணு மூடாமக் கேட்டாலும் 17 நாள் ஓடும். நீ கேக்கப் போறது என்னமோ அதே இருபது பாட்டுதான்.

இன்னொண்ணு கேளு. பெட்டிக்குள்ள எண்ணை ஒலியா மாத்துற ஒசத்தியான டிஏசி சில்லு இருக்குன்னுதான இம்புட்டு வெலை? அதை வாங்கிட்டு வந்து புளூடூத்துல காதுக்கு இணைப்ப. அப்ப பெட்டி பாட்டை மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும். அதைப் பிரிச்சு ஒலியாக்குறது ஒங்காதுல இருக்குற குட்டிச் சில்லு. 40,000 ரூவா சில்லு சட்டைப் பையில தூங்கும். வயரு மாட்டிக் கேக்குறவனுக்குத்தான்டே அந்தப் பெட்டி. ஒஞ்செல்லுல வயரு குத்துற ஓட்டை இல்லையா? சார்ஜு போடுற இடத்துல சொருகுற சின்ன டிஏசி வாலு ஒண்ணு கொறஞ்ச வெலைக்கே கெடைக்கும். அதைப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் பெட்டியைப் பத்தி யோசி.

காசைக் கொட்டணும்னு கை அரிச்சா காதுல மாட்டுறதுல கொட்டு. பாட்டோட குணத்தைப் பாதிக்கு மேல தீர்மானிக்கிறது அதுதான். ஆனா ஓம்ஸ் பாத்து வாங்கு. ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஓம்ஸ் பொருந்தலேன்னா கொடையன்னைக்கு மைக்செட்காரன் பாடு திண்டாட்டம்தான். 16, 32 ஓம்ஸுன்னா சின்னப் பெட்டியே தள்ளிரும். 300 ஓம்ஸு ஹெட்போனை வாங்கி அதுல மாட்டுனா பாட்டு சீக்காளி மாதிரி மொனங்கும். காதுக்குள்ள சொருகுறதுன்னா மூணு அளவுல ரப்பர் குடுப்பான். ஒரு பயலும் மாத்திப் பாக்க மாட்டான். பொருந்தாத ரப்பர் போட்டுட்டு, 'தாத்தா, பேஸே இல்ல'ன்னு வந்து நிப்பான்.

பெட்டியில பாக்க வேண்டியது நாலே நாலுதான். தடவிப் பாத்தே அமுக்குற மாதிரி பொத்தான், கார்டு சொருக எடம், வயரு ஓட்டை, நாள் முழுக்கத் தாங்குற பேட்டரி. பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறவனுக்கு வேற என்னடே வேணும்? அங்க டிரைவர் போடுற பாட்டு ஒம்பாட்டு மேல ஏறும். அதை அமுக்க நீ சத்தத்தைக் கூட்டுவ. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும், 90ன்னா 4 மணி நேரந்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காது போச்சுன்னா கார்டு மாதிரி மாத்தி சொருக முடியாது.

இம்புட்டு சொன்ன பெறவும் அந்தப் பெட்டிதான் வேணுமா? சரி, ஒரு பந்தயம். ஒரே பாட்டை 320லயும், எதையும் தூக்கிப் போடாம வைக்கிற ஃபிளாக்குலயும் ஏத்து. ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கணும். ஏன்னா சத்தம் ஒரு நூல் கூடுனாலே 'இதுதான் ஒசத்தி'ன்னு காது ஏமாறும். எதிர்த் தெருவுல போட்டிக்குக் குழாய் கட்டுனவனுக்கு அது தெரியும், ஒங்கடைக்காரனுக்கும் தெரியும். கண்ணைக் கட்டிக்கோ. ஒந்தங்கச்சி மாத்தி மாத்திப் போடட்டும். பத்துக்கு ஒம்பது தடவை எது எதுன்னு சரியாச் சொல்லிட்டேன்னா, அந்த 40,000 ரூவாயை நானே தாரேன்.

என்னடே முழிக்க? எங்கிட்ட அம்புட்டுப் பணம் இருக்கான்னு பாக்கியா? இல்ல. தேவைப்படாதுங்கிற தைரியந்தான்.