தோல்வியே அறியாத தெரிவுக்குழு

நுரைச்சோலைத் தேத்தண்ணிக் கடைகளில் தெரிவுசெய்யப்பட்ட இலங்கைக் கிரிக்கெட் அணி இன்றுவரை ஒரு மட்சிலும் தோற்றதில்லை. கொழும்பில் தெரிவுசெய்கிற அணிதான் நாடு நாடாகப் போய் அடிவாங்கிக்கொண்டு வருகிறது. எங்கள் அணி மைதானத்துக்கே போவதில்லை என்பதால்தான் தோற்பதில்லை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாதனை சாதனைதான்.

அமெரிக்காவில் பேஸ்பால் பைத்தியங்கள் ஒவ்வொரு பெப்ரவரியிலும் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, 26 பேர் பட்டியலில் யார் உள்ளே, யார் வெளியே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். பாவம், திட்டுவதற்கு அவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முகாமையாளர். நாங்கள் அவ்வளவு வறுமைப்பட்டவர்கள் இல்லை. எங்களிடம் தெரிவுக்குழு இருக்கிறது, கிரிக்கெட் சபை இருக்கிறது, இரண்டுக்கும் மேலே விளையாட்டுத்துறை அமைச்சர் இருக்கிறார். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணிக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். அவருக்குத் துடுப்பைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அமைச்சருக்குத் தேவைப்படாத தகைமை எங்கள் ஊர் வெங்காயத் தோட்டக்காரருக்கு மட்டும் எதற்கு?

இனி, சரித்திரம். இதைப் புரிந்துகொள்ள முதலில் எங்கள் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மே மாதம் சோழகம் எழும்பிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் முரடாகிவிடும். செப்டம்பர் வரை எங்கள் ஊர் மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பலே சரக்கை இறக்க முடியாது. வள்ளம் எம்மாத்திரம்? வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டுவிட்டுக் கடையில் குந்தியிருப்பவனுக்கு இரண்டு தொழில்தான் மிச்சம். ஒன்று வலை பொத்துவது. மற்றது தேசிய அணியைத் தெரிவுசெய்வது. வலை பொத்த நூல் வேண்டும், காசு வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணங்கள், 1975, 1979, 1983, 1999, 2019, எல்லாம் சொல்லிவைத்த மாதிரி சோழகத்தில்தான் வந்தன. ஆகவே அந்த அணிகளை எங்கள் ஊர் மிக ஆழமாக ஆராய்ந்தது. முடிவுகளும் பெரும்பாலும் அவற்றில்தான் மிக மோசம். 1996, 2003, 2007, 2011 ஆகியவை பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், கடல் பாய்விரித்துப் படுத்திருக்கும் காலத்தில் நடந்தன. ஊரே தொழிலுக்குப் போய்விட்டது, ஆலோசனை சொல்ல ஆளில்லை. ஒரு கிண்ணம், இரண்டு இறுதியாட்டம், ஒரு அரையிறுதி. 2014இல் இருபதுக்கு இருபது கிண்ணம் வென்ற நாளும் ஏப்ரல் 6. 1992உம் பெப்ரவரியில்தானே தொடங்கியது, ஒன்பது அணிகளில் எட்டாவதாக வந்தோமே என்று யாராவது கேட்டால், அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

1975இல் தொடங்குவோம். ஓவல் மைதானம், ஜூன் மாதம். அவுஸ்திரேலியா 60 ஓவரில் 328. எதிரே ஜெஃப் தொம்சன். அந்தக் காலத்தில் ஹெல்மெட் என்பது மோட்டார் சைக்கிள்காரனின் சாமான். துலீப் மெண்டிஸுக்குத் தலையில் அடி, சுனில் வெத்தமுனிக்குக் காலில் அடி. இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடித்தவர் மேல் வழக்குப் போடப் போகிறீர்களா என்று அங்கே ஒரு பொலிஸ்காரர் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆனாலும் 4 விக்கெட்டுக்கு 276 அடித்தோம். வெற்றி அல்ல, உயிரோடு திரும்பியது. 1979இல் இந்தியாவை அடித்தது ஒரு விதிவிலக்கு. 1982 பெப்ரவரியில் பி. சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட், தலைவர் பந்துல வர்ணபுர. அதே ஆண்டு அதே வர்ணபுர, தடைசெய்யப்பட்டிருந்த தென்னாபிரிக்காவுக்கு ஒரு குழாமைக் கூட்டிக்கொண்டு போய் 25 ஆண்டுத் தடை வாங்கினார். அந்தக் குழாம் அமைச்சரின் ஒப்புதலைக் கேட்கவில்லை என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பலர் புத்தளம், கல்பிட்டிப் பக்கம் வந்து குடியேறினார்கள். வீடு, தோட்டம், நகை எல்லாம் அங்கே. கிரிக்கெட் அபிப்பிராயத்தை மட்டும் பறிக்க முடியவில்லை போலிருக்கிறது, அதைக் கொண்டுவந்திருந்தார்கள். அதுவரை ஏகமனதாக முடிவெடுத்துக்கொண்டிருந்த எங்கள் தெரிவுக்குழுவுக்கு அன்றுதான் ஒரு எதிர்க்கட்சி கிடைத்தது.

அந்த எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் ஒரே குரலில் பேசிய சந்தர்ப்பம் 1996 ஜனவரி. அவுஸ்திரேலியாவில் விக்கெட் காப்பாளர் ரொமேஷ் களுவிதாரணவை முதல் ஆளாக இறக்கினார்கள், மறுமுனையில் சனத் ஜயசூரிய. “கீப்பரை ஓபனிங் அனுப்புறானுகளா? அப்ப முரளியையும் அனுப்பட்டும்!” என்றார் எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர், தொழிலால் லொறிக்காரர். முரளிக்கு அப்போது வேறு வேலை இருந்தது. முந்திய மாதம் மெல்பேணில் டெரல் ஹெயர் அவருக்கு ‘நோ போல்’ சொல்லிச் சொல்லிக் கை வலித்துப் போயிருந்தார்.

பிறகு நடந்ததை உலகம் புரட்சி என்கிறது. முதல் 15 ஓவரில் அடித்து நொறுக்கும் கலையை அந்த இருவரும் கண்டுபிடித்தார்களாம், கிண்ணம் அதனால் வந்ததாம். நான் சரித்திரத்தைப் பார்க்கிறேன். கல்கத்தா அரையிறுதி: சிறிநாத்தின் முதல் ஓவரிலேயே இரண்டு பேரும் தேர்ட்மேனில் பிடி கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். லாகூர் இறுதியாட்டம், மார்ச் 17: 23 ஓட்டத்துக்குள் இருவரும் உள்ளே. இரண்டு நாளும் அணியைத் தூக்கியது பழைய பாணி அரவிந்த டி சில்வா. இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 107, அதற்கு முன் 3 விக்கெட். ஆக, தெரிவைப் பொறுத்தவரை லொறிக்காரர் சொன்னது அந்த இரண்டு நாளும் சரி. கிண்ணத்தைப் பொறுத்தவரை பிழை. கார் பற்றரியில் ஓடிய டிவிக்கு முன்னால் துள்ளியவர்களில் அவர்தான் முதலாவது ஆள். தான் சொன்னதை மறந்துபோகும் ஆற்றல் இல்லாதவன் தெரிவாளராக இருக்கவே முடியாது.

1999 வந்தது, சோழகமும் வந்தது. நடப்புச் சம்பியன் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தது. அதற்கு மேல் அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவதில்லை.

2007இல் ஒரு தந்திரம் செய்தார்கள். கிரெனடாவில் அவுஸ்திரேலியாவுடன் ஆட்டம். இறுதியாட்டத்தில் மறுபடி சந்திக்க நேரலாம் என்று முரளியையும் வாஸையும் ஒளித்துவைத்தார்கள். மாலிங்கவுக்கு ஏற்கெனவே காயம். 1992இலிருந்து முரளியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் அவுஸ்திரேலியர்கள் இரண்டு வாரத்தில் அவரை மறந்துவிடுவார்கள் என்பது திட்டம். பயிற்றுநர் டொம் மூடியும் அவுஸ்திரேலியர் என்பதை எங்கள் எதிர்க்கட்சி சுட்டிக்காட்டியது. பார்படோஸ் இறுதியாட்டத்தில் அடம் கில்கிறிஸ்ட் கையுறைக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 149 அடித்தார். நாங்கள் இரண்டு பந்துவீச்சாளரை ஒளித்தோம், அவர் ஒரு பந்தை ஒளித்தார். கடைசியில் இருட்டில், யாருக்கும் பந்து தெரியாத வெளிச்சத்தில் ஆட்டம் முடிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இன்னும் மின் நிலையம் கிடையாது. ஆகவே அந்த இருட்டுக்கு எங்களைப் பொறுப்பாக்க முடியாது.

2011தான் எங்கள் பொற்காலம். மார்ச் 22ஆம் திகதி லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதலாவது அலகை, 300 மெகாவாற், ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் இறுதியாட்டம். இடையில் பதினொரு நாள். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊருக்கு நாட்டின் அணியைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லையா என்று அந்தப் பதினொரு நாளும் ஊர் மார்தட்டியது. கடல் அமைதியாக இருந்தும் சிலர் தொழிலுக்குப் போகாமல் பேச உட்கார்ந்துவிட்டார்கள். பிழை அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

விவகாரம் அதற்கு முன்பே முற்றியிருந்தது. அரவிந்தவின் தெரிவுக்குழு 41 வயது ஜயசூரியவை விட்டுவிட்டது. அவர் அப்போது மாத்தறையின் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். சட்டத்தில் அமைச்சரின் கையெழுத்துக்கு இடமிருக்கும்போது சக எம்பிக்கு ஒரு இடம் இல்லாமல் போனது எங்கள் மூத்த உறுப்பினருக்கு விளங்கவே இல்லை. (ஜூன் மாதம் ஓவலில் ஜயசூரியவுக்கு ஒரு பிரியாவிடை ஆட்டம் கொடுத்தார்கள். 2 ஓட்டம். சோழகம்!) வாஸும் இல்லை. பிறகு அஞ்சலோ மெத்தியூஸுக்குக் காயம், முரளிக்கும் உடம்பு சரியில்லை என்றதும், வெளியே விட்ட வாஸையும் சுராஜ் ரந்தீவையும் அவசரமாக மும்பைக்குக் கூப்பிட்டார்கள்.

அரையிறுதியில் நியூசிலாந்தை வென்ற அணியில் இறுதியாட்டத்துக்கு நான்கு மாற்றம். நான்கு! காயப்பட்டது ஒருவர். அவரோடு சேர்த்து சாமர சில்வா, அஜந்த மெண்டிஸ், ரங்கன ஹேரத் மூவரும் வெளியே. பின்னாளில் டெஸ்டில் 433 விக்கெட் எடுக்கப்போகும் ஹேரத்தை உட்காரவைத்துவிட்டு, குழாமிலேயே இல்லாத ரந்தீவை விமானத்திலிருந்து இறக்கி நேரே மைதானத்துக்கு அனுப்பினார்கள். நாணயத்தைக்கூட இரண்டு தரம் சுண்டினார்கள். சங்கக்கார சொன்னது மத்தியஸ்தர் காதில் விழவில்லையாம். மஹேல 103, கடைசியில் திசர பெரேரா 9 பந்தில் 22, மொத்தம் 274. மாலிங்க ஷேவாக்கையும் டெண்டுல்கரையும் வீழ்த்தினார். அந்த நேரத்தில் எங்கள் கடையில் நான்கு மாற்றங்களும் தங்கள் யோசனைதான் என்று குறைந்தது ஆறு பேர் உரிமை கோரினார்கள். கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91, குலசேகரவின் பந்தில் சிக்ஸர். அதன்பின் அந்த ஆறு பேரும் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பிவிட்டார்கள்.

2020இல், 2011இன் விளையாட்டுத்துறை அமைச்சரே அந்த ஆட்டம் விற்கப்பட்டது என்று சொல்லப்போய், பொலிஸார் அரவிந்தவையும் சங்கக்காரவையும் கூப்பிட்டு மணிக்கணக்கில் விசாரித்து, ஆதாரம் இல்லையென்று கோவையை மூடினார்கள். எங்கள் கடை அதை முன்பே தீர்த்துவைத்திருந்தது: “களவெடுக்கிறவன் இவ்வளவு மடத்தனமா எடுக்க மாட்டான் நானா. இது சும்மா எங்கட ஆக்கள்ர யோசனைதான்.”

தலைவரையே உட்காரவைத்துக் கிண்ணம் எடுத்த கதையும் இருக்கிறது. 2014இல், மெதுவாகப் பந்துவீசிய குற்றத்துக்காக ஒரு மட்ச் தடை வாங்கிய சந்திமால், பிறகு டாக்காவில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் அணியிலேயே இல்லை. மாலிங்க தலைமை தாங்கி வென்றார்.

அதே மாலிங்க 2017இல் அமைச்சர் தயாசிறி ஜயசேகரவோடு மோதினார். வீரர்களுக்குத் தொப்பை என்று அமைச்சர் சொல்ல, கிளிப் பொந்தைப் பற்றிக் குரங்குக்கு என்ன தெரியும் என்கிற தோரணையில் மாலிங்க பதில் சொல்ல, ஒத்திவைத்த ஓராண்டுத் தடையும் அபராதமும் வந்தன. டிசம்பரில் அமைச்சர் தன் கையெழுத்தின் பெறுமதியைக் காட்டினார். இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒன்பது வீரர்கள், ஒப்புதல் எடுக்கவில்லை என்று விமான நிலையத்தோடு திருப்பி அழைக்கப்பட்டார்கள். பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்து, பிறகு போனார்கள். போய் முதல் ஆட்டத்தில், தர்மசாலாவில், இந்தியாவை 112க்குச் சுருட்டினார்கள். அமைச்சரின் கையெழுத்து மை காயுமுன் அதன் சக்தி தெரிந்துவிட்டதே என்று ஊர் அசந்துபோய் நின்றது. மூன்றாம் நாள் மொஹாலியில் ரோஹித் சர்மா 208. மை காய்ந்துவிட்டது.

2019 சோழகத்துக்கு, 2015க்குப் பிறகு ஒருநாள் போட்டியே ஆடாத திமுத் கருணாரத்னவைத் தலைவராக்கினார்கள். தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்று வந்தவர் என்பது காரணம். முதல் ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 136க்கு அனைவரும் அவுட். தொடக்கத்தில் இறங்கிக் கடைசிவரை நின்று 52 எடுத்தவர் அந்தக் கருணாரத்னதான். நான்கு வருடம் ஆடாதவனுக்குத்தான் எப்படி அவுட்டாவது என்பது மறந்துபோயிருந்தது. இரண்டு ஆட்டங்களை மழை கொண்டுபோனது. ஹெடிங்லியில் இங்கிலாந்தை அடித்ததைக் கழித்துப் பார்த்தால், அந்த அணியில் நன்றாக ஆடியது மழைதான்.

2023இல் மும்பையில் இந்தியாவிடம் 55. நவம்பர் 6ஆம் திகதி காலை விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்கவைத் தலைவராக்கினார். அதே நாள் டெல்லியில், முதல் குழாமில் இல்லாமல் காயப்பட்டவருக்குப் பதிலாகப் போன மெத்தியூஸ், ஹெல்மெட் வார் அறுந்ததால் நேரம் கடந்து, ஒரு பந்தும் சந்திக்காமல் அவுட்டானார். சர்வதேசக் கிரிக்கெட்டில் முதல் தடவை. நான்கு நாளில் ஐசிசி சபையை இடைநிறுத்தியது, மாத முடிவுக்குள் அமைச்சரின் பதவி போனது. ஒரு ஹெல்மெட் வாரைச் சரிபார்க்க ஆளில்லாத நாட்டில் சபையைக் கலைக்க மட்டும் ஆள் இருந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு. கருணாரத்னவின் நூறாவதும் கடைசியுமான டெஸ்ட் காலியில் முடிந்த நாள். அன்று முற்பகல் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். எங்கள் லக்விஜயவின் மூன்று அலகும் மாலிங்கவின் முழங்கால் மாதிரி ஒரேயடியாகப் படுத்து, எழும்பி நிற்க நாள்கணக்கானது. மின் நிலையத்து ஊரிலும் மின்வெட்டு. கடையில் விறகடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருக்க, லொறிக்காரர் யோசனையில் இருந்தார்.

“தனி ஒரு குரங்கு. 900 மெகாவாற்றையும் ஒரே நிமிஷத்தில வெளியே எடுத்துட்டு. இவ்வளவு தெளிவா முடிவெடுக்கிற ஆள் நம்மட தெரிவுக்குழுவில எப்பயாச்சும் இருந்திருக்கா? அதையே சேர்மனாப் போட்டா என்ன?”

“போடலாம் நானா,” என்றது எதிர்க்கட்சி. “ஆனா அமைச்சர் கையெழுத்து வைக்கோணுமே.”