முன்பனிக்கால லாரித் தம்பதியரும் கேபின் கண்ணாடி இறக்கமும்: குண்டலுபேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்பனிக் காலத்தில் ஒரே லாரியில் தொழில் செய்யும் கணவனும் மனைவியும், இரவு வண்டியை ஓரங்கட்டிய பிறகு கேபின் கண்ணாடியை எவ்வளவு இறக்கி வைக்க வேண்டும் என்பதை ஐயந்திரிபற நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். எல்லை: தேசிய நெடுஞ்சாலை 766-இல் குண்டலுபேட்டைக்கும் மத்தூர் வனச் சோதனைச்சாவடிக்கும் இடைப்பட்ட சாலையோரம். கருதுகோள்: மனைவி சொல்வதே சரி. முடிவு கடைசியில் வரும். அவசரக்காரர்கள் கருதுகோளையே முடிவாக எடுத்துக்கொள்ளலாம். பல முனைவர் பட்டங்கள் அப்படித்தான் வாங்கப்பட்டிருக்கின்றன.

முதல் இயலில் ஊரின் பரப்பு, மழையளவு, மண்வகை, மக்கள்தொகை, திருவிழாக்கள் எல்லாம் வர வேண்டும் என்பது மரபு. தலைப்புக்குள் கால் வைக்காமலே எண்பது பக்கம் தேறிவிடும். நான் சுருக்கிக்கொள்கிறேன். குண்டலுபேட்டை மைசூருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சாமராஜநகர் மாவட்டம். இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர், முதுமலை வழியாகக் கூடலூருக்கும் ஊட்டிக்கும் போகிறது. இன்னொன்று முத்தங்கா, சுல்தான் பத்தேரி, தாமரசேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது. இரண்டுமே பந்திப்பூர் புலிகள் காப்பகத்தை ஊடறுப்பவை. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க, 2009-இல் மாவட்ட நிர்வாகம் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையை மூடியது. 2010-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் தப்பி வந்த லாரிக்காரருக்கு ஒன்பது மணி நேரம் குண்டலுபேட்டைதான் கதி. சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று படம் பிடிக்க வரும் கூட்டம் ஆடி, ஆவணியோடு போய்விடும். மார்கழியில் அங்கே மிஞ்சுவது பனி, லாரி, ஆய்வாளர்.

இனி இலக்கிய முன்னோடிகள். லாரித் தம்பதி என்பது புதுமையன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரான உமணரின் வண்டித் தொடரைக் காட்டுகிறார். வண்டியில் கோழிக்கூடு இருக்கிறது. காடிப் பானை தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சைப் பற்றி ஔவையார் பாடுகிறார். ஆக ஓட்டுநர் இருக்கையில் பெண், பக்கத்தில் சமையல் சாமான், அடியில் ஸ்டெப்னி எல்லாம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தயார்; டீசல் ஒன்றுதான் பாக்கி. அதையும் உமணரே கண்டுபிடித்தார்கள் என்று ஏதாவதொரு உலக மாநாட்டில் வாசித்தால் கைதட்டலும் பொன்னாடையும் நிச்சயம். ஆதாரம் கேட்பவரைத் துரோகி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

திணை வகுப்பதில்தான் சிக்கல். முன்பனியும் யாமமும் குறிஞ்சிக்கு உரியவை. அதன் உரிப்பொருள் கூடல். ஆனால் நிலம் காடு, எனவே முல்லை. அதன் உரிப்பொருள் காத்திருத்தல். முல்லையில் தலைவன் போர்முனையில் இருப்பான், தலைவி வீட்டில் காத்திருப்பாள். இங்கே இருவரும் ஒரே கேபினில் உட்கார்ந்து சேர்ந்தே காத்திருக்கிறார்கள். யாருக்காக? வனத்துறைக்காக. பொருள் தேடிப் போவதால் பாலை எனலாம் என்றால், தலைவியையும் கூட்டிக்கொண்டு பொருள்வயிற் பிரிவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. கடல் வழியே பெண்ணோடு போகும் வழக்கம் இல்லை என்கிறார் தொல்காப்பியர், என்.எச். 766 பற்றி அவர் வாய் திறக்கவில்லை. விடியற்காலையில் நடக்கும் சண்டையை மருதத்தில் சேர்க்க வேண்டும். இப்படி ஒரே ராத்திரியில் நான்கு திணையும் ஒரு கேபினுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நெய்தல் கோழிக்கோட்டில் சரக்கு இறக்கும்போது வந்து சேரும்.

அகத்திணையில் யார் பெயரையும் சுட்டக் கூடாது. ஆய்வாளனுக்கு இதைவிட வசதியான விதி வேறில்லை. எனவே சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்த இவர்கள் தலைவன், தலைவி என்றே குறிக்கப்படுகிறார்கள். இருவரிடமும் கனரக லைசென்ஸ் உண்டு. சமவெளியில் அவள் ஓட்டுகிறாள், சுரத்தில் அவன் ஓட்டுகிறான். காரணம் திறமை அல்ல, சுரத்தில் அவள் ஓட்டினால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறான். தோழி இல்லை. அந்த இடத்தில் முன்பு கிளீனர் இருந்தான்; கிளீனருக்குக் கொடுக்கும் படியை மிச்சம் பிடிக்கத்தான் தலைவியே வண்டியேறினாள் என்பது தலைவன் கூற்று. அவனைத் தனியே விட்டால் சாப்பிடமாட்டான், எனவே ஏறினேன் என்பது தலைவி கூற்று. செவிலி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு சங்ககிரியிலிருந்து போனில் பேசும் மாமியார். பாங்கன், லாரி ஆபீஸ் புரோக்கர்: அறிவுரை தலைவனுக்கு, கமிஷன் தனக்கு. கண்டோர், சாவடிக்காரர்கள்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மங்கி குல்லா. பாட்டு பற்றி: இளையராஜா, கருத்து வேறுபாடு இல்லை. படுக்கை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வேனிலில் தார்பாய் மேலே ஏறிப் படுக்கலாம், வண்டிக்கு அடியில் கயிற்றுக் கட்டில் கட்டலாம். முன்பனியில் மேலே பனி, கீழே யானை பயம். ஆகவே கேபின்தான். அதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகை ஒன்றரை ஆளுக்குப் போதும். அந்த அரை ஆள் யார் என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.

இனி கண்ணாடி. ஆய்வின் மூல பாடம் இது:

"ஏனுங்க, அந்தக் கண்ணாடிய ஏத்துங்க. காதுக்குள்ள காத்து போவுது."

"ஏத்தினா மூச்சுப் பட்டு முன்னால ஒண்ணுந் தெரியாது அம்மிணி."

"நிக்கிற வண்டிக்கு முன்னால என்ன தெரியோணும்?"

மூன்றாம் வரிக்குத் தலைவன் மறுமொழி கூறவில்லை. அவன் மௌனம் உடன்பாடா, தூக்கமா என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். "பாடம் சிதைந்துள்ளது" என்பது ஒரு சாரார் கருத்து. குறட்டை ஒலியை எழுத்தில் தர முடியாததால் ஏடெழுதியோர் விட்டிருப்பர் என்பது மறு சாரார் துணிபு (தார்பாய்ச் சுவடி, இரண்டாம் முடிச்சு).

இக்கேள்வியில் இதுவரை மூன்று கொள்கைகள் தோன்றியுள்ளன. முழு இறக்கவாதிகள் பீடி பிடிப்பவர்களிடையே மட்டும் எஞ்சியுள்ளனர். மனைவியோடு வண்டியேறிய முதல் வாரத்திலேயே இக்கொள்கை வழக்கொழிவது தெரிகிறது. முழு ஏற்றவாதிகள் கம்பளியை நம்புகிறவர்கள். நடுவழி நிற்போர் இரு விரல்வாதிகள்: மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் மட்டும் இறக்கினால் போதும் என்பது இவர்கள் கட்சி (டீக்கடைச் சுவடி, கண்ணாடி டம்ளர்ப் பதிப்பு, மேசையில் நான்காம் ஈரவட்டம்).

எவருடைய விரல் என்று கேட்டவுடன் இக்கட்சி உடைந்தது. தலைவன் விரல் என்றால் ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல், குளிர் கூடுதலாக வரும். தலைவி விரல் என்றால் வெங்காயம் நறுக்கும் விரல், காற்று போதாது. விரலைக் கிடையாக வைத்து அளப்பதா, நெடுக்காக வைத்து அளப்பதா என்பது அடுத்த பூசல். நெடுக்காக வைத்தால் ஒரு விரலின் நீளமும் இரண்டு விரலின் நீளமும் ஒன்றுதானே, பிறகு எதற்கு இரண்டு என்று கேட்ட கிடைவாதிகளுக்கு நெடுக்குவாதிகள் இன்றுவரை பதில் சொல்லவில்லை, ஆனால் ஆய்விதழ் தொடங்கிவிட்டார்கள் (ஸ்டெப்னி நிகண்டு, நட்டுப் படலம், ஐந்தாம் நட்டு, ஆறாம் நட்டு வழியில் விழுந்துவிட்டது). இந்நிகண்டுக்குப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் எழுதியதாகக் கருதப்படும் அரும்பதவுரை உண்டு (டியூப் 2, ஒட்டு 7). அவ்வுரையை மறுத்து எதிர்க்கடைக்காரர் எழுதிய கண்டனம் உண்டு (அதே டியூப், அதே ஓட்டை). கண்டனத்தைக் கண்டித்து இருவருக்கும் பாக்கி வைத்த டிரைவர் எழுதிய சமாதானம் உண்டு (நான்காம் பதிப்பு, முன் மூன்று பதிப்புகளும் அச்சாகவில்லை). நான்கையும் படிக்காமல் எழுதப்பட்ட ஒப்பீட்டு ஆய்வேடு ஒன்றும் உண்டு. மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது அதுதான்.

அறிவியல் வழி எளிது. மூச்சுக் காற்று ஏறக்குறைய உடம்பின் சூட்டோடு, ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் அந்த ஈரம் நீர்த்துளியாகிறது. இருவர் விடிய விடிய மூச்சு விட்டால், காலை ஆறு மணிக்குச் சாவடி திறக்கும்போது முன் கண்ணாடி பால் வெள்ளையாக இருக்கும். பீடித்தூள், பாதி வெட்டிய உருளைக்கிழங்கு, ஒரு ரூபாய் ஷாம்பு என்று டிரைவர்கள் கைவைத்தியம் சொல்வார்கள். தலைவி தன் பழைய சேலைத் துண்டால் ஒரு துடை துடைக்கிறாள், தீர்ந்தது. மூடிய கேபினுக்குள் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ எரியவிட்டுத் தூங்குவது வேறு விஷயம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்கியவர் எழுவதில்லை. இந்த ஒரு வரியில் மட்டும் கேலி கிடையாது.

யானைக் கட்சியையும் குறிக்க வேண்டும். சாமராஜநகரிலிருந்து திம்பம் போகும் சாலையில், ஆசனூர், காராப்பள்ளம் பக்கம், கரும்பு லாரிகளை மறித்து யானைகள் சுங்கம் வசூலிப்பது நெடுநாள் வழக்கம். அந்த வழியை எடுத்திருந்தால் ஒன்பது மணிக் கெடுகூட இல்லை: 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன தடைப்படி, கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு மணிக்கே கதவடைப்பு. தலைவன் ஏற்றியிருப்பது தக்காளி. துதிக்கை நுழையும் அளவுக்கு மேல் கண்ணாடியை இறக்கலாகாது என்பது இக்கட்சியின் ஒரே சூத்திரம். துதிக்கைக்கு இரண்டு விரல் போதாது என்பதால் இரு விரல்வாதிகளோடு இவர்களுக்கு உடன்படிக்கை சாத்தியம்.

அரசும் கேபின் காற்றில் அக்கறை கொண்டுள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நாக்பூர் மே மாதத்துக்கு இது வரம். மார்கழி நள்ளிரவில், மத்தூர் சாவடி முன்னால், எஞ்சின் அணைத்த வண்டியில் இச்சட்டத்தால் விளையும் பயன் குறித்து ஆய்வுக்கு நிதி கோரியுள்ளேன். 2025 வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. சாவடியில் காத்திருக்கும் ஒன்பது மணி நேரம் வேலையா, ஓய்வா என்று தலைவியிடம் கேட்டேன். "வேலைன்னா காசு வரோணும், ஓய்வுன்னா தூக்கம் வரோணும். இது ரெண்டுமில்லீங்க" என்றாள். இதற்கு இணையான வரையறை சட்ட நூல்களில் எனக்கு அகப்படவில்லை.

இவர்கள் விதிவிலக்கு என்று சிலர் சொல்லக்கூடும். கோட்டயம் மாவட்டத்து ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா, கணவர் ரதீஷோடு லாரி ஓட்டிக் காஷ்மீர் வரை போய் வந்ததையும், அந்தப் பயணங்களை வீடியோவாக எடுத்துப் போட்டதையும் ஏராளமானோர் பார்த்திருக்கிறார்கள். அங்கே உண்மையான உறைபனி. அவர்கள் கண்ணாடியை எத்தனை விரல் இறக்கினார்கள் என்பதை எந்தத் துறைத் தலைவரும் இதுவரை ஆராயவில்லை என்பது தமிழ், மலையாள ஆய்வுலகம் இரண்டுக்கும் இழுக்கு.

முடிவு: காலையில் யார் ஓட்டப்போகிறாரோ அவர் பக்கம் இரண்டு விரல், மற்றவர் பக்கம் முழு ஏற்றம். விரல் தலைவியுடையது. கருதுகோள் நிறுவப்பட்டது.

பரிந்துரைகள் பத்தாவது இருந்தால்தான் ஆய்வேடு கனக்கும். என்னிடம் இருப்பது ஒன்று, அதுவும் தலைவி சொன்னது. இரவுத் தடை யானைக்கும் புலிக்கும் வேண்டியதுதான், அதில் அவளுக்குப் புகார் இல்லை. ஒன்பது மணி நேரம் வண்டிகளை நிறுத்தி வைக்கிற இடம் எதுவானாலும், அங்கே பெண்களுக்குத் தாழ்ப்பாள் போடும் கழிப்பறை ஒன்றும், தண்ணீரும், ஒரு விளக்கும் இருக்க வேண்டும். அவை இல்லாத இடங்களில் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதில்லை. மேற்கோள் எதுவும் இல்லாததால் இப்பத்தியைத் தேர்வுக் குழு நீக்கச் சொல்லும். நெடுஞ்சாலைத் துறையில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டு இந்தப் பத்தியை மட்டும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.