நாயைக் கண்டார்கள்

லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் சான் மரினோ என்று ஒரு பணக்கார ஊர். அங்கே ஹன்டிங்டன் என்ற பெயரில் நூலகம், கலை அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா மூன்றும் ஒரே வளாகத்தில் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. பூங்கா மட்டும் 130 ஏக்கர். கூட்டன்பர்க் பைபிள் இருக்கிறது. கண்காட்சி, சொற்பொழிவு, தேநீர் விருந்து எதற்கும் குறைவில்லை. நுழைவுச் சீட்டு 25 டாலருக்கு மேல். ஏழைகளை மறந்துவிட்டார்கள் என்று பழி சொல்லாதீர்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இலவசம். முன்பதிவு கட்டாயம். வியாழக்கிழமை வேலைக்குப் போகிறவன் ஏழையே இல்லை போலிருக்கிறது.

நிறுவியவர் ஹென்றி ஹன்டிங்டன். லாஸ் ஏஞ்சலஸின் சிவப்பு டிராம்களுக்குச் சொந்தக்காரர். தண்டவாளம் போகிற பக்கம் மனை விலை ஏறும். அந்த மனையும் அவருடையதாகவே இருக்கும். நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1903ல் அந்தத் தண்டவாளத்தைப் போட்ட மெக்சிக்கக் கூலிகள் சுமார் 700 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்குப் பதினேழரை சென்ட் வாங்கியவர்கள் 20 சென்ட் கேட்டார்கள். கூடுதலாக இரண்டரை சென்ட். கம்பெனி அதிகாரிகள் சம்மதித்தார்கள். முதலாளி மறுத்தார். வேறு ஆட்களை இறக்கினார்கள். வேலைநிறுத்தம் முறிந்தது.

1921ல் அதே முதலாளி, கெய்ன்ஸ்பரோ வரைந்த ‘நீலச் சிறுவன்’ ஓவியத்தை வாங்கினார். விலை 7 லட்சத்துச் சொச்சம் டாலர். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 700 பேர், நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு இரண்டரை சென்ட். மொத்தம் 175 டாலர். அந்த ஒரு படத்தின் விலையில், ஞாயிறு விடுமுறைகூட இல்லாமல், பத்து வருடத்துக்கு மேல் அந்த உயர்வைக் கொடுத்திருக்கலாம். பட்டுச் சட்டை போட்ட பையனுக்குப் பணம் இருந்தது. கடப்பாரை பிடித்தவனுக்கு இல்லை. இதற்குப் பெயர் கலைத் தொண்டு.

2018ல் அந்தப் படத்தைப் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்ப்பதையே கண்காட்சியாக்கினார்கள். கூடத்திலேயே மைக்ரோஸ்கோப்பை வைத்து, சனம் பார்க்கப் பார்க்க வேலை நடந்தது. அதற்கெல்லாம் முன்பே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். பையனின் காலடியில் ஒரு நாய்! ஓவியரே வரைந்து, ஓவியரே பூசி மறைத்தது. இருநூறு வருடத்துக்கு மேல் சாயத்துக்கு அடியில் படுத்திருந்த நாயை இந்தக் கண்கள் கண்டுபிடித்துவிட்டன.

கல்லைத்தான் காணவில்லை.

1945ல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் ஜெர்மனியிலிருந்து ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து இங்கே கொடுத்தார். ஹிட்லர் கையெழுத்துப் போட்ட நியூரம்பெர்க் சட்டங்கள். அசல். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த காகிதம். பேட்டன் இந்த ஊரில் வளர்ந்தவர், ஹன்டிங்டன் வீட்டுக்கு வேண்டிய குடும்பம். கைப்பற்றிய ஆவணத்தை மேலிடத்தில் ஒப்படைக்க வேண்டியவர், பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போனார். நியூரம்பெர்கில் நாஜிகளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் அசல் கலிபோர்னியாவில், ஆரஞ்சுத் தோப்புக்கு நடுவில், இரும்புப் பெட்டகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

எத்தனை வருடம்? 54. நூலகம் என்று பெயர். பட்டியல் போடுவதுதான் தொழில். ரோஜாச் செடிக்கும் கள்ளிச் செடிக்கும் பெயர்ப்பலகை நட்டவர்கள், இதற்கு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வெளியே வைக்கவில்லை. 1999ல்தான் வாய் திறந்தார்கள். யூதப் பண்பாட்டு மையம் ஒன்றுக்குக் காட்சிக்காகக் கடன் கொடுத்தார்கள். கடன்தான். தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க 2010 ஆயிற்று.

அதே 1999ல் அந்தப் பூங்காவில் ஓர் அதிசயம். சுமத்ராவின் பிணமலர் பூத்தது. அழுகிய பிணம்போல் நாறும் பூ. கலிபோர்னியாவில் அதற்கு முன் அது பூத்ததில்லை. சனம் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

பெட்டகம் இருந்த கட்டடம் கொஞ்ச தூரத்தில்தான். அந்தப் பக்கம் 54 வருடமாக யாருக்கும் எந்த வாடையும் வரவில்லை.