பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை

சென்னை ஓ.எம்.ஆரில் நான் மொபைல் செயலிகளுக்குத் திரை வரைய வந்த காலத்தில் எல்லாமே ஃபோட்டோஷாப்தான். 2007-ல் வந்த முதல் ஐபோனின் திரை 320-க்கு 480 பிக்சல். 2010-ல் ஐபோன் 4 அதை நீளம், அகலம் இரண்டிலும் இரட்டிப்பாக்கியது. ஒவ்வொரு ஐகானையும் இரண்டு அளவில் வெட்டித் தர வேண்டும். ஆண்ட்ராய்டுக்குத் திரையின் பிக்சல் அடர்த்திக்கு ஏற்ப எம்டிபிஐ, எச்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ என்று தனித்தனி ஃபோல்டர். எங்கே எத்தனை பிக்சல் இடைவெளி என்று சிவப்புக் கோடு போட்டு மெயிலில் அனுப்புவோம். அப்படியும் சந்தேகம் தீராது. டெவலப்பர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நகரும்.

நான் தொழில் கற்றது அங்கேதான். கட்டணம் செலுத்தும் செயலி ஒன்றுக்குத் தமிழ்த் திரைகள் செய்துகொண்டிருந்தோம். டெவலப்பர் தன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை நீட்டினார். "மேடம், எழுத்தோட கால் வெட்டுப்படுது பாருங்க." ஆங்கிலத்துக்கு அளந்த பட்டன் உயரத்தில் 'து', 'று', 'ழு' எல்லாம் அடியில் அறுபட்டு நின்றன. அவர் உயரத்தை எடுத்துவிட்டு, எழுத்துக்குத் தக்கபடி பட்டன் விரியும்படி மாற்றினார். அடுத்த வரி ஒழுங்காக வந்தது. கையோடு கேட்டார்: "நெட் இல்லாட்டி இங்க என்ன காட்டணும்? பழைய பில் ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு?"

இப்போது ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருள். 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. டெவலப்பரும் நானும் ஒரே ஃபைலைத் திறக்கிறோம். நிறம், இடைவெளி எல்லாம் தொட்டால் தெரிகிறது. ஐகான் வெட்டும் கூலிவேலை ஒழிந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. விரல் படும் இடம் ஐபோனில் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டில் 48 டிபி இருக்க வேண்டும் என்பதைக்கூட ஆயத்தக் கூறுகளிலேயே வைத்துவிடலாம்.

ஆனால் கேள்விகள் குறைந்துவிட்டன. ஃபைலில் எல்லாப் பெயரும் சின்னதாக, எல்லாப் பட்டியலும் நிறைவாக, நெட் எப்போதும் வேகமாக இருக்கிறது. பயன்படுத்துகிறவரோ மீனாட்சிசுந்தரம், கண் மங்கி, போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர், பேருந்தில் போகிறவர். அவரைப் பற்றி டெவலப்பருக்கு நிறையத் தெரியும், ஏனென்றால் பிழை அறிக்கைகள் டெவலப்பரிடம்தான் போகின்றன.

அதனால் என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களை, வரையத் தொடங்கும் முன்பே டெவலப்பர்களோடு உட்கார அனுப்புகிறேன். அண்மையில் அப்படிப் போன பெண் ஒரு கேள்வியோடு வந்தாள்: பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியபின் நெட் இழுத்துக்கொண்டு நின்றால், பதறி மறுபடி அழுத்துவார்களே? அதற்குத் திரையே இல்லை. அன்று மாலை அவளும் டெவலப்பருமாகச் சேர்ந்து அதை வரைந்தார்கள்: முதல் தொடுதலிலேயே பட்டன் முடங்கும், "பணம் போய்க்கொண்டிருக்கிறது, மறுபடி அழுத்த வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் வரும்.