மறைமீன் இயல்: ஜப்பானிய உணவகத்தில் நனிசைவர் நிலை குறித்து ஓர் ஆய்வு

தட்டில் கிடக்கும் மீனால் நனிசைவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, விலகிக்கொள்ளலாம். தெரியாத மீன்தான் ஆளை வீழ்த்துகிறது. அதனை இக்கட்டுரை 'மறைமீன்' என்று குறிக்கும்.

நனிசைவர் யாரெனில், பால், தயிர், நெய், முட்டை, தேன் அனைத்தையும் துறந்தவர். விருந்துக்குப் போன வீட்டில் மோர் நீட்டினாலும் கையெடுத்துக் கும்பிடுபவர். பழைய ஜப்பானியச் சமையலில் பாலுக்கும் நெய்க்கும் பெரிதாக வேலையில்லை. ஆகவே இவருக்கு உகந்த நாடு ஜப்பானே என்பாரும் உளர். தோஃபு, மிசோ, கடற்பாசி, சோறு என அவர்கள் காட்டும் சான்றுகள் வலுவானவைதாம். ஆயினும் அக்கூற்று சமையலறை வாசலோடு நின்றுவிடும். உள்ளே தாஷி கொதித்துக்கொண்டிருக்கிறது.

தாஷி என்பது சாறு. கொம்பு என்னும் கடற்பாசியை நீரில் ஊறவைத்துச் சூடாக்கி, கட்சுவோபுஷிச் சீவலைத் தூவி வடிகட்டுவார்கள். கட்சுவோபுஷியாவது, சூரை மீனை வேகவைத்து, புகையிலிட்டு, உயர்ந்த வகையாயின் பூசணமும் ஏற்றி, மாதக்கணக்கில் காயவைத்த கட்டை. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இழைப்புளி பதித்த பெட்டியில் தேய்த்துத்தான் சீவ வேண்டும். வடிகட்டியதும் மீன் உடலளவில் வெளியேறிவிடுகிறது. "இதில் மீன் இருக்கிறதா?" என்று கேட்டால், பரிமாறுபவர் கிண்ணத்தை உற்றுப் பார்த்து, மனமார, "இல்லை" என்கிறார். தருக்க நூலார் இதைப் பொய் என்று நிறுவுவது கடினம்.

இனி மறைமீனின் வாழிடங்கள். மிசோ சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சுஷியின் தோஃபுப் பை, அவித்துப் பிழிந்த கீரை. பொரித்த தோஃபு தனியே ஆராயத்தக்கது. அடியில் தாஷி, மேலே மெல்லிய கட்சுவோபுஷிச் சீவல். ஆவி பட்டதும் சீவல்கள் நெளிகின்றன, சுருள்கின்றன, எழுந்து தலையசைக்கின்றன. மறைமீன் தானாக வெளிப்பட்டுக் கைகாட்டும் இடங்களுள் இது ஒன்று. நேர்மையைப் பாராட்டலாம், சாப்பிட முடியாது.

வரலாற்றையும் நோக்குக. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். பட்டியலில் மீன் இல்லை. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதை ஊரறியச் செய்தார். நடுவிலிருந்த ஏறத்தாழ 1,200 ஆண்டுகளில் மீனைப் பெரும்பாலும் யாரும் விசாரிக்கவில்லை.

அறிவியலும் மீன் பக்கமே சாய்ந்தது. 1908இல் இக்கெதா கிக்குனாயே கொம்பிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் கொதாமா ஷிந்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட சமையல்காரர் மீனைக் கைவிடுவாரா? ஆனால் பின்னர் குனினாகா அகிரா என்னும் ஆய்வாளர், உலர்ந்த ஷிடாகே காளானில் உள்ள குவானிலேட்டும் கொம்போடு சேர்ந்து அதே பெருக்கலைச் செய்யும் என்று காட்டினார். நனிசைவர் வீட்டில் மாட்டிவைக்க வேண்டிய படம் அவருடையதே.

இசகாயா மதுக்கடைகளில் இன்னொரு சிக்கல். உட்கார்ந்ததும் கேளாமலே 'ஒதோஷி' என்று ஒரு சிறு கிண்ணம் வரும். அதற்குக் காசும் உண்டு. உண்ண முடியாததற்கு நனிசைவர் பணம் கட்டிவிட்டு, எடமாமே என்னும் பச்சைச் சோயாக் காயும் வெள்ளரிக்காய்ச் சுருளும் வரக் காத்திருப்பார். அவற்றோடு ஓர் இரவைக் கழிக்கலாம். இரண்டாம் இரவு பரிந்துரைக்கத்தக்கதன்று.

உண்மையான புகலிடம் பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல். மடைப்பள்ளித் தலைவர் எப்படி நடக்க வேண்டுமென்று தோகென் துறவி 1237இலேயே தனிநூல் எழுதினார். கோயாசான் மடங்களிலும், கியோட்டோவின் தென்ரியூஜி வளாகத்திலுள்ள ஷிகெட்சு உணவகத்திலும் அச்சமையலை உண்ணலாம். எள்ளை அரைத்துக் குட்சுக் கிழங்கு மாவோடு கிளறிய எள் தோஃபு, கொம்பும் காளானும் சேர்ந்த தாஷி எல்லாம் உண்டு; மறைமீனுக்கு நுழைவில்லை. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும்கூட நுழைவில்லை. ஊரெங்கும் பரிமாறுபவர்களைக் குறுக்கு விசாரணை செய்துவந்த நனிசைவர், இங்கே துறவியர் முன்னிலையில், வெங்காயம் தின்கிற ஆளாகிவிடுகிறார்.