தினம் ஒரு பக்கத் தாத்தா

அவரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் தாம்பூலப் பையை நோக்கி நகரும்போது, அவர் மட்டும் அங்கே இருப்பவர்களிலேயே வயதான கிழவியைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா. மடியில் ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இலவசமாகக் கொடுத்த போன வருஷத்து டைரி.

"அத்தை, உங்க தாத்தா ரங்கூனுக்குக் கப்பல் ஏறினது எந்த வருஷம்?"

"சாப்பிட்டியாப்பா? பாயசம் கொஞ்சம் தண்ணியாப் போச்சு."

"அது கெடக்கட்டும் அத்தை. கப்பல் ஏறினது?"

"எம்டன் குண்டு போட்டப்போ எங்கம்மா இடுப்புக் குழந்தையாம். அதுக்கு முந்தின ஆடியோ, அதுக்கும் முந்தின ஆடியோ."

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 என்பது அவருக்கு மனப்பாடம். டைரியில் "1914 அல்லது 1913, ஆடி" என்று எழுதுவார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் போட்டு முடித்ததும் அவர் முகத்தில் வரும் களை, மேடையில் நிற்கும் மாப்பிள்ளை முகத்தில்கூட இராது.

இவரைப் போன்றவர்கள் குடும்பத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள்; பெரிய குடும்பமென்றால் கிளைக்கு ஒருவர். பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது வருஷம் தேய்ந்து ஓய்வு பெற்றவர்கள். பணப்பலன் கைக்கு வந்த கையோடு வம்சத்தின் மீது அக்கறையும் வந்துவிடும். "நம்ம குடும்ப வரலாற்றை எழுதப் போறேன். தினமும் ஒரு பக்கம். வருஷத்துக்கு 365 பக்கம்" என்று அறிவிப்பார். வீட்டில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பங்குச் சந்தையில் இறங்காதவரைக்கும் நல்லது என்பது அவர்கள் கணக்கு.

முன்னுதாரணங்களை அவர் கைவசம் வைத்திருப்பார். புதுச்சேரியில் துய்ப்ளே துரைக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். "இருபத்தஞ்சு வருஷம்! நான் ஒண்ணரை வருஷமாத்தானே எழுதறேன்?" அடுத்து உ.வே.சா. எண்பத்தைந்தை நெருங்கும் வயதில் 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கினார். 1942இல் அவர் காலமானபோது அது முடிவுபெறாமல் நின்றது. முடியாமல் நின்றது என்ற தகவலை மட்டும் நம்மவர் ஒருவித ஆறுதலோடு சொல்வதை நான் கவனித்திருக்கிறேன்.

இனி அந்த ஒரு பக்கத்தைப் பார்ப்போம். விடியற்காலை, எல்லோரும் தூங்கும் நேரம். பிள்ளையார் சுழி. தேதி, கிழமை, திதி, நட்சத்திரம். நான்கு வரி போயிற்று. பிறகு:

"இன்று காலை 4.40க்கு எழுந்தேன். பால் வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் வீட்டிலேயே நான்கு பசுக்கள் நின்றனவாம் (விசாரிக்க). பாலுக்கு மறுபடி போன் செய்தேன். எடுக்கவில்லை. கொள்ளுத்தாத்தா கோபக்காரர். நேற்று சர்க்கரை 168. நேற்றைய பாயசம் காரணமாக இருக்கலாம். வம்சத்திலேயே சர்க்கரை இருந்ததா என்பது ஆராயத் தக்கது. பால் வந்துவிட்டது."

பக்கம் முடிந்தது. கொள்ளுத்தாத்தா கோபக்காரர் என்பதற்கு மேல் அங்குலம் நகரவில்லை. ஆனால் அன்றைய கடமை தீர்ந்தது. டைரியை மூடி ரப்பர் பேண்டு போட்டுவிடுவார். இந்த ஒழுங்கில் ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாதென்பது அவர் விரதம். திருப்பதி போவதாக இருந்தால் முந்தின நாளே உட்கார்ந்து இரண்டு நாள் பக்கத்தை எழுதி வைத்துவிடுவார். நாளைய தேதியின் கீழே "காலை 4.40க்கு எழுந்தேன்" என்று இன்று மாலையே எழுதுகிற துணிச்சல் வேறு எந்த வரலாற்றாசிரியருக்கு உண்டு?

கேலி செய்கிறேனே தவிர, பால் வராத விஷயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பிள்ளைவாளும் துரையின் அரசியலோடு ஊர்வம்பையும் சகுனத்தையும் மனத்தாங்கலையும் சேர்த்துத்தான் எழுதி வைத்தார். இன்றைக்கு அதையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிக்கிறார்கள். நம்மவரின் பாலும் சர்க்கரையும் எவனுக்காவது ஒருநாள் முனைவர் பட்டம் வாங்கிக் கொடுக்கலாம். சங்கடம் என்னவென்றால், தாத்தாக்கள் வரும் இடத்தில்தான் அவர் சரக்கு சந்தேகத்துக்குரியது.

தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் தொடங்கி தென்னாட்டையே சூறையாடிய பஞ்சம். நான் கேட்ட குடும்ப வரலாறுகள் அத்தனையிலும் அந்தப் பஞ்சத்தில் கொள்ளுத்தாத்தா கஞ்சித் தொட்டி வைத்திருக்கிறார். கையில் சட்டியோடு தொட்டி முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் வம்சமே இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. நிலம் கைமாறிய கதையும் இப்படித்தான். எல்லாத் தாத்தாவையும் யாரோ ஏமாற்றி எழுதி வாங்கியிருப்பார்கள். சீட்டாடித் தோற்ற தாத்தா அடுத்த வீட்டு வரலாற்றில்தான் வருவார்.

காலத்தைப் பிடிப்பது இன்னொரு கூத்து. தமிழ் வருஷம் அறுபதுக்கொரு முறை சுற்றி வருகிறது. தாது 1876லும் வந்தது, 1936லும் வந்தது, 1996லும் வந்தது. "தாத்தா பொறந்தது தாது" என்று ஒருவர் சொன்னால் எந்தத் தாது என்று கேட்க ஆள் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் வேறு. ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, அந்த ராமசாமி மகன் மறுபடி முத்துசாமி. தாது வருஷத்து ராமசாமி என்றால் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழை நம்பலாமென்றால், பாதிக் குடும்பம் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறது. பையனுக்கு ஐந்து வயது நிரம்ப வேண்டுமே என்று சேர்க்கை நாளில் வாத்தியார் போட்டுக் கொடுத்த பிறந்தநாள் அது.

ஆனால் அவருக்குள் இருக்கும் பழைய கணக்கர் சில சமயம் விழித்துக்கொள்வார். அப்போது பார்க்க வேண்டும். பரணிலிருந்து இறக்கிய ஒரு மொய் நோட்டு. முன் பக்கம் எலி தின்றுவிட்டது, தேதி இல்லை. அட்டையில் மஞ்சள் கறை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பத்திகளைத் தடவிக்கொண்டே வருவார். "1-4-0. ரூபாய், அணா, பை. அப்போ இது 1957 ஏப்ரலுக்கு முந்தினது. நயா பைசா வந்த பிறகு 1.25ன்னு எழுத ஆரம்பிச்சிருப்பாங்க." சரி, ஊரில் பழக்கம் மாற இரண்டொரு வருஷம் கூட ஆகியிருக்கும் என்று தாமே ஒரு திருத்தம் போடுவார். அடுத்த பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, மேலே வேறு மசியில் "வரவில்லை" என்று எழுதியிருக்கும். சொந்தத் தாய்மாமன் பெயர். தாய்மாமன் ஏன் வரவில்லை? அந்த ஒரு சொல்லின்மேல் அவர் ஒரு வாரம் எழுதினார். பாலைப் பற்றிய பேச்சே அந்த வாரம் கிடையாது.

மகன் அமெரிக்காவிலிருந்து வம்சாவளி வரையும் மென்பொருள் ஒன்றை அனுப்பி வைத்தான். முதல் நாளே அது மிரண்டுவிட்டது. காரணம், நம்மவர் கட்டியிருப்பது அக்காள் மகளை. அக்காளே மாமியார். அக்காள் புருஷன் மாமனார். அவர் பிள்ளைகளுக்கு அத்தையும் அம்மாச்சியும் ஒரே ஆள். மென்பொருள் மரம் வரைய முற்பட்டுக் கூடை முடைந்துவிட்டது. "இந்த நபர் ஏற்கெனவே உள்ளார். சரிபார்க்கவும்" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை. அவர் கணினியை மூடிவிட்டு, நான்கு முழ சார்ட் தாளைத் தரையில் விரித்து ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

இத்தனையிலும் அவர் விசாரிக்காத ஒரே ஆள் வீட்டுக்காரம்மாள். அக்காள் மகள் என்றால் அவளுக்கும் அதே தாத்தா, அதே கோபம், அதே மொய் நோட்டு. தாய்மாமன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபோது, அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "பத்திரிகையில அவர் பேரைக் கீழே போட்டுட்டாங்கல்ல மாமா. அதான். எங்கம்மா அழுதுக்கிட்டே சொல்லும்."

"ஆதாரம் இருக்கா?"

"எங்கம்மா அழுததுக்கா?"

அவர் டைரியில் "வாய்மொழித் தகவல், உறுதிப்படுத்த வேண்டும்" என்று எழுதினார். தகவல் சொன்னவர் பெயரை எழுதவில்லை.

இப்படியே போயிருந்தால் கொள்ளுத்தாத்தா கோபத்தோடேயே நின்றிருப்பார். திருப்பம் ஒரு துக்க வீட்டில் வந்தது. பதினாறாம் நாள் காரியத்தில், பங்காளி வகையில் தம்பி முறையான ஒருவர், கக்கத்தில் டைரியோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் தினம் ஒரு பக்கமாம். இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்கண்ணே?"

"தாது வருஷம். நீ?"

"நானும் அங்கதான். அந்தக் கஞ்சித் தொட்டி விஷயம்... அது எங்க தாத்தா வச்சது. உங்க தாத்தா அந்த வருஷம் ஊர்லயே இல்லையே. மாமனார் வீட்டுக்குப் போயிட்டாருன்னுதான் கேள்வி."

நம்மவர் மறுமொழி சொல்லவில்லை. இலையில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை பிள்ளையார் சுழிகூடப் போடாமல் எழுதத் தொடங்கினார். திதி இல்லை, நட்சத்திரம் இல்லை, பால் இல்லை. பக்கம் தாண்டிற்று. இரண்டாயிற்று. டைரியில் அடுத்த வாரத் தேதிகளெல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துகொண்டிருந்தன. மாமனார் வீட்டுக்குப் போனவர் சின்னத் தாத்தாதான் என்பதற்கு ஒன்பது நியாயங்கள் வரிசை கட்டி நின்றன. பத்தாவதுக்கு இடையில் தலையைத் தூக்கி, வீட்டில் முதல் முறையாகக் கேட்டார்:

"ஏம்மா, கஞ்சித் தொட்டியைப் பத்தி உங்கம்மா ஏதாவது சொல்லியிருக்கா?"

"சொல்லியிருக்கு. முதல்ல வந்து இட்லியைச் சாப்பிடுங்க. கேட்டா சாப்பாடு எறங்காது."